படுவான்கரைக்கு வந்த ரீவி: ஒரு கொடையின் கதையும் கணக்கும்

குருக்கள்மடத்தில் இருந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து, மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள அம்பிளாந்துறைக்குப் போகும் படகுப்பாதையில் அன்றைக்கு நல்ல சனம். மோட்டார் சைக்கிள்கள், உரமூட்டைகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் ஆசிரியர்கள். நடுவில் நாங்கள் இரண்டு பேர் ஒரு நீட்டு அட்டைப்பெட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே 43 அங்குல ரீவி. வாவியில் கச்சான் காற்று அடித்ததில் பெட்டி பாய்மரம் போல இழுத்தது. கரை சேரும் வரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

ரீவிக்குக் காசு தந்தவர் எங்கள் ஊர்க்காரர், சுவிஸில் இருக்கிறார். தாயாரின் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். இப்படியான நாட்களில் அன்னதானம் கொடுப்பார்கள், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பார்கள். இவர் "சின்னப் புள்ளையளுக்கு எழுத்துப் படிக்க ஏதும் செய்வம் அண்ணன்" என்றார். ரீவி வாங்கலாம் என்று சொன்னது வாசிகசாலைக் குழுவில் இருந்த நாங்கள். அதனால் கீழே வரும் பிழைகளில் அவருக்குப் பங்கு இல்லை.

அந்த ரீவி எங்கள் முன்பள்ளியில் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். கூடவே 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய கதையையும், "செசமி ஸ்ட்ரீட்" என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி உருவான கதையையும் சொல்கிறேன். எங்கள் முயற்சி பிழைத்துப்போன பிறகுதான் அதைத் தேடிப் படித்தேன். முதலே படித்திருந்தால் அந்தக் காசை வேறு விதமாகச் செலவழித்திருப்போம். வெளிநாட்டில் இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவ நினைப்பவர்களும், அந்த உதவியைக் கையில் வாங்கிச் செலவழிக்கும் எங்களைப் போன்றவர்களும் இதை வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை.

முன்பள்ளியும் பிள்ளைகளும்

இலங்கையில் தரம் 1 தொடங்கி அரசு பார்த்துக்கொள்ளும். அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடங்களைக் கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, தொண்டு நிறுவனமோ, தனியாரோ நடத்துகிறார்கள். மாகாண மட்டத்தில் பதிவும் பயிற்சியும் உண்டு. ஆசிரியையின் கைக்கு வருவது ஒரு சிறு கொடுப்பனவும் பெற்றோர் தரும் மாதக் காசும். வேளாண்மை வெட்டு முடிந்த மாதத்தில் அந்தக் காசு வரும், மாரி மழையில் வராது.

எங்கள் முன்பள்ளியில் அப்போது 22 பிள்ளைகள். அப்பாமார் பெரும்பாலும் வயலில் கூலிக்குப் போகிறவர்கள், மாடு பார்க்கிறவர்கள், வாவியில் வலை போடுகிறவர்கள். சில பிள்ளைகளின் அம்மா மத்திய கிழக்கில், வளர்ப்பது அம்மம்மா. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடிய பிறகு, அரச தொலைக்காட்சியில் பாடங்கள் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சமாவது கைகொடுத்தது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் அந்த இரண்டு வருடத்தில் எழுத்தே காணாமல் வளர்ந்தார்கள். ஒரு நாள் ஆசிரியை வீடு வீடாகப் போய், பிள்ளையின் கண்ணில் படுகிற இடத்தில் என்னென்ன தமிழ் எழுத்து இருக்கிறது என்று பார்த்தார். சுவரில் நாட்காட்டி, அலுமாரிக்கு மேலே ஒரு கலியாண அழைப்பிதழ், குசினியில் தேயிலைப் பைக்கற். அநேகமான வீடுகளில் அவ்வளவுதான். கதைப்புத்தகம் இருந்த வீடுகளை ஒரு கையில் எண்ணலாம்.

இந்த நிலையில் எல்லா வீட்டிலும் இருந்தது ரீவி. கூரையில் டிஷ் இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் எப்படியும் பார்க்கிறார்கள், அதையே நல்லதாகப் பார்க்கட்டும் என்று நினைத்தோம். அந்த நினைப்பில் பிழை இல்லை. அடுத்த அடியைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

முதல் நான்கு மாதம்

ரீவியைச் சுவரில் பூட்டினோம். கீழே, காசு தந்தவரின் அம்மாவின் பெயர் எழுதிய சின்னப் பலகை. சின்னத்திரை நாடகம் பார்க்க அல்ல என்று பெற்றோருக்குச் சொல்லி, டிஷ் இணைப்பில் இந்தியத் தமிழ்ச் சிறுவர் அலைவரிசை ஒன்றை எடுத்தோம். காலையில் அரை மணித்தியாலம். பிள்ளைகள் வந்த வேகத்தில் பாயில் இருந்தார்கள். வரவு கூடியது. அழுகிற பிள்ளையும் அழுகையை நிறுத்தியது. சுவிஸுக்குப் படம் எடுத்து அனுப்பினோம், அவருக்கு நல்ல சந்தோசம்.

நான்காவது மாதத்தில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "அண்ணன், இதக் கொஞ்சம் சத்தத்தக் குறைச்சிட்டுப் பாருங்க" என்றார். சத்தத்தைக் குறைத்து அரை மணித்தியாலம் பார்த்தேன். பூனை ஓடியது, பையன் பறந்தான், கார் வெடித்தது. திரையில் ஒரு தமிழ் எழுத்துக்கூட வரவில்லை. கடைப்பலகைகள் ஆங்கிலத்தில், புத்தகத்தின் அட்டை ஆங்கிலத்தில், நிகழ்ச்சியின் பெயர்கூட ஆங்கிலத்தில். வேறு நாட்டில் வரைந்த படத்துக்குத் தமிழ்க் குரல் மட்டும் போட்டிருந்தார்கள். காதுக்குத் தமிழ் தாராளமாகக் கிடைத்தது. அதிலும் பிள்ளைகள் கொஞ்சம் புதுச்சொல் படித்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் காசு கேட்டது எழுத்துக்கு.

அந்தப் படங்களை எடுத்தவர்கள் எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிப்பதாக யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகளைச் சிரிக்க வைக்க எடுத்தார்கள், பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்படியென்றால் எழுத்துப் படிப்பிக்க எடுத்த படம் எப்படி இருக்கும், யார் எடுத்தார்கள், யார் காசு கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கியபோதுதான் நியூயோர்க் கதை கிடைத்தது.

படம் எடுக்குமுன் செலவழித்த காசு

1966இல் நியூயோர்க்கில் ஜோன் கான்ஸ் கூனி என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரின் வீட்டில் ஒரு இரவு விருந்து. விருந்தாளிகளில் ஒருவர் லொயிட் மொரிசெற், கார்னகி அறக்கட்டளையில் பொறுப்பில் இருந்தவர், உளவியல் படித்தவர். அவருடைய மூன்று வயது மகள், நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் திரையில் வரும் அசையாத சோதனைப் படத்தைக்கூட விடியற்காலையில் எழும்பி இருந்து பார்ப்பாளாம். விளம்பரப் பாட்டுகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இவ்வளவு இழுக்கிற பெட்டியால் சின்னப் பிள்ளைகளுக்கு எதையாவது படிப்பிக்க முடியுமா என்று மொரிசெற் கேட்டார்.

கார்னகி அறக்கட்டளை கொடுத்த முதல் காசு ஒரு விசாரணைக்கானது. கூனி நாடு முழுக்கப் போய்ப் பிள்ளை வளர்ச்சி தெரிந்தவர்களையும் ஆசிரியர்களையும் தொலைக்காட்சிக்காரரையும் கண்டு பேசி, அந்த வருடமே அறிக்கை எழுதினார். 1968இல் சிறுவர் தொலைக்காட்சிப் பட்டறை என்ற அமைப்பு உருவானது. மொத்தம் 80 இலட்சம் டொலர் சேர்ந்தது. பாதி அமெரிக்க அரசின் காசு, மீதியில் கார்னகியும் போர்ட் அறக்கட்டளையும் பெரும் பங்கு. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

அந்தக் காசு எப்படிப் பிரிந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒளிபரப்புக்கு முன் ஏறத்தாழ ஒன்றரை வருடம் ஆயத்தம். 1968 கோடையில், ஹார்வர்ட் உளவியலாளர் ஜெரால்ட் லெஸ்ஸரின் தலைமையில் ஐந்து கருத்தரங்குகள், ஒவ்வொன்றும் மூன்று நாள். பாலர் ஆசிரியைகளும் உளவியலாளர்களும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஒரே மேசையில் இருந்து, பிள்ளைக்கு எதைப் படிப்பிப்பது என்று ஒரு பட்டியல் போட்டார்கள். மாதிரிப் படங்கள் எடுத்த பிறகு எட்வேர்ட் பாமர் என்பவர் அவற்றைப் பிள்ளைகளிடம் சோதித்தார். அவருடைய முறை எளிமையானது. ஒரு பக்கம் ரீவி. பக்கத்திலேயே இன்னொரு திரையில் ஏழெட்டு விநாடிக்கு ஒருமுறை மாறும் வண்ணப் படங்கள். பிள்ளை எந்த நேரத்தில் ரீவியை விட்டு அந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டிருப்பார். பிள்ளை திரும்பிய இடம் படத்தின் பலவீனமான இடம்.

1969 ஜூலையில் ஐந்து மாதிரி நிகழ்ச்சிகளை இப்படிச் சோதித்தார்கள். பொம்மைகள் வந்தபோது பிள்ளைகள் பார்த்தார்கள். தெருவில் பெரிய ஆட்கள் நின்று பேசிய காட்சிகளில் கவனம் விழுந்துவிட்டது. பொம்மையையும் மனிதரையும் ஒரே காட்சியில் கலந்தால் பிள்ளை குழம்பும் என்று உளவியலாளர்கள் சொன்னதால்தான் அந்தக் காட்சிகளை அப்படிப் பிரித்து எடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் கண் வேறு விதமாகச் சொன்னது. ஒளிபரப்புக்குச் சில மாதமே இருந்தபோது தெருக் காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். பெரிய மஞ்சள் பறவையும் குப்பைத் தொட்டிக்குள் வாழும் பச்சை உருவமும் தெருவுக்கு வந்தது அப்போதுதான். 1969 நவம்பர் 10ஆம் திகதி "செசமி ஸ்ட்ரீட்" தொடங்கியது. முதல் பருவத்தில் 130 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம்.

கமராவைத் தொடுவதற்கு முன் இவ்வளவு காசையும் காலத்தையும் கேள்வி கேட்பதற்குக் கொடுத்திருக்கிறார்கள். பிழை என்று தெரிந்ததும் எடுத்ததைத் தூக்கிப் போட்டுத் திரும்ப எடுக்கவும் காசு இருந்தது. நாங்களோ கடையில் பெட்டி வாங்கியதும் காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

நாட்காட்டிச் சோதனை

எங்களிடம் 80 இலட்சம் டொலர் இல்லை. கலியாண வீடியோ எடுக்கிற தம்பி ஒருவர் ஊரில் இருந்தார், பிள்ளைகளை நன்றாக அறிந்த ஆசிரியை இருந்தார். டிஷ் இணைப்புக்கு மாதம் கட்டிய காசை நிறுத்தி, அந்தத் தம்பியின் நாட்கூலியாக மாற்றினோம். மூன்று நிமிடப் படம், ஒரு படத்துக்கு ஒரு எழுத்து, பென் டிரைவில் போட்டு ரீவியில் பார்ப்பது. அதுதான் திட்டம்.

முதல் படம் 'வீ'. ஒரு வீட்டைக் காட்டி, மூலையில் எழுத்தைப் போட்டு, "இது என்ன?" என்று குரல் கேட்டது. பாயில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் ஒரே சத்தமாக "ஊடு!" என்றார்கள். ஆசிரியை என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் வீடு என்று யாரும் சொல்வதில்லை, ஊட்டுக்குப் போறம் என்றுதான் பேச்சு. பிள்ளை சொன்னது சரி. பிள்ளைக்குத் தெரிந்த ஓசைக்கும் எழுத்துக்கும் நடுவில் பள்ளம் தோண்டியது நாங்கள் எடுத்த சொல்.

அன்று பின்னேரம் அரிச்சுவடிப் படத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம். 'ஒ'வுக்கு ஒட்டகம். எங்கள் பிள்ளை எருமை பார்த்திருக்கும், யானையும் பார்த்திருக்கும், ஒட்டகத்துக்கு எங்கே போவது? 'ஓ'வுக்கு ஓடம், இங்கே எல்லாருக்கும் அது தோணி. 'ஐ'க்கு ஐவர், ஐந்து பேர் நிற்கிற படம், அதைப் பார்த்துப் பிள்ளை "ஆக்கள்" என்று சொல்லும். புத்தகத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்பது பெரியவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. நான்கு வயதில் முதல்முறை எழுத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. ஒரே நேரத்தில் புதுச்சொல்லையும் புது எழுத்தையும் தூக்கச் சொல்கிறோம். அதனால் முதல் எழுத்துகளுக்கு, பேசினாலும் எழுதினாலும் ஒரே மாதிரித் தொடங்குகிற சொற்களை மட்டும் எடுத்தோம். மீன், மணல், பாய், தயிர், கடல், ஓலை. பிறகு போகப் போக 'வீடு' வரட்டும். அப்போது "நாம ஊடு எண்டு சொல்லுவம், எழுதக்குள்ள வீடு" என்று ஆசிரியையே சொல்லிக் கொடுப்பார். ஊர்ப்பேச்சைப் பிழை என்று சொல்லாமலே அதைச் செய்யலாம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன்.

பாமரின் சோதனையையும் எங்கள் அளவில் செய்தோம். இரண்டாவது திரைக்குப் பதில் பழைய படநாட்காட்டிகள். ரீவிக்குப் பக்கத்தில் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி இருந்து மெல்ல மெல்லத் தாளைப் புரட்டுவாள். ஆசிரியை கொப்பியில் குறிப்பார். மூலையில் எழுத்து அசையாமல் நின்ற இடத்தில் பிள்ளைகள் நாட்காட்டிக்குத் திரும்பினார்கள். பின்னால் சினிமாப் பாட்டு ஓடினால் பார்த்தார்கள், ஆனால் எழுத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு காட்சியில் 22 பிள்ளைகளில் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. ஊர் அம்மம்மா ஒருவர் சுளகில் அரிசியைப் பரப்பி, விரலால் 'ம' எழுதுகிற காட்சி அது. எழுத்து அங்கே பிறந்துகொண்டு இருந்தது. விரல் எந்தப் பக்கம் போகும் என்று பிள்ளைகளின் கண்ணும் கூடவே போனது. தம்பி அதைத் தற்செயலாகத்தான் எடுத்திருந்தார், நல்ல வெயில் இருந்ததாம்.

அதற்குப் பிறகு எல்லா எழுத்தையும் யாராவது ஒருவரின் கை எழுதியது. மணலில், வண்டில் சில்லின் தூசியில், தயிர்ச்சட்டியின் அடியில் படிந்த கரியில், ஈரச் சீமெந்தில்.

இன்னொரு பாடமும் அங்கிருந்தே கிடைத்தது. செசமி ஸ்ட்ரீட்டின் தொடக்ககாலத் துண்டு ஒன்றில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற நடிகர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக, இடையில் நீண்ட மௌனம் விட்டுச் சொல்வார். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் அவருக்குப் பின்னால் சொன்னார்கள். சில தடவை பார்த்த பிறகு அவரோடு சேர்ந்து சொன்னார்கள். பிறகு, எழுத்து தெரிந்தவுடனே, அவர் வாயைத் திறக்குமுன் சொன்னார்கள். நாங்களும் எழுத்தை எழுதி முடித்தபின் குரல் வருமுன் கொஞ்ச நேரம் சும்மா விட்டோம். மூன்றாம் கிழமையில் அந்த மௌனத்துக்குள் சத்தம் வரத் தொடங்கியது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது பெரியவருக்கு அலுப்பு. பிள்ளைக்கு அதில்தான் வெற்றி.

ஒரு காலை, படம் முடிந்து எல்லாரும் எழும்பிய நேரம், ஒரு சின்ன மகள் மட்டும் ரீவிக்குக் கீழே நின்று பெயர்ப்பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரீச்சர், இது பாய்ல வாற பா!" அந்த அம்மாவின் பெயரின் முதல் எழுத்து அது. நான் அதைச் சுவிஸுக்குத் தொலைபேசியில் சொன்னபோது மற்றப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்

செசமி ஸ்ட்ரீட்டின் முதல் வருடத்தில், கிட்டத்தட்ட 1,000 பிள்ளைகளை, அவர்கள் நிகழ்ச்சியைப் பார்க்கும் முன்னும் பின்னும் கல்விச் சோதனைச் சேவை என்ற நிறுவனம் சோதித்தது. அதிகம் பார்த்தவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 1975இல் தோமஸ் குக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், ரசல் சேஜ் அறக்கட்டளையின் ஆதரவில், அதே தரவைத் திரும்பப் பிரித்துப் பார்த்தார்கள். பல குடும்பங்களுக்கு ஆய்வுக் குழுவின் ஆட்கள் போய் வந்து, பிள்ளையைப் பார்க்க வையுங்கள் என்று ஊக்கப்படுத்தியிருந்தார்கள். நன்மையில் பெரிய பங்கு அந்த ஊக்கத்தோடு சேர்ந்து வந்தது, ஊக்கம் இல்லாத வீடுகளில் கற்றது குறைவு என்று அவர்கள் வாதிட்டார்கள். ஒரு கொடையாளர் கட்டியதை இன்னொரு கொடையாளரின் காசில் உரசிப் பார்த்திருக்கிறார்கள். இப்படிச் செய்யும் துணிவு எங்கள் பக்க உதவித் திட்டங்களுக்கு எப்போது வரும் என்று அதை வாசித்தபோது ஏங்கினேன்.

அதற்காகத் தொலைக்காட்சி மட்டும் ஒன்றும் செய்யாது என்றும் சொல்லமுடியாது. மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியால் போனது. அன்ரனாவைக் கூரையில் ஏறித் திருப்பித் திருப்பி "இப்ப தெரியுதா?" என்று கத்திய வயதுக்காரருக்கு அது உடனே விளங்கும். 1969இல் அமெரிக்காவில் சில ஊர்களில் அந்த நிகழ்ச்சி தெளிவாகத் தெரியும் அலைவரிசையில் வந்தது, சில ஊர்களில் பல பெட்டிகளால் பிடிக்கமுடியாத அலைவரிசையில் வந்தது. சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு அது சரியாக எட்டவில்லை. தெளிவாகத் தெரிந்த ஊர்களின் பிள்ளைகள், பள்ளியில் தங்கள் வயதுக்குரிய வகுப்பில் இருக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. வசதி குறைந்த இடங்களில் அது நன்றாகத் தெரிந்தது.

இரண்டையும் வைத்து யோசித்தபோது எங்களுக்குத் தெரிந்த ஒன்று உறுதியானது. நன்றாக எடுத்த படம் தன் பாட்டில் கொஞ்ச வேலை செய்யும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து கதைத்தால் அந்த வேலை பெருகும். எங்கள் இடத்தில் அந்தப் பெரியவர் அம்மம்மா. பிள்ளையைக் கூட்டிவந்து வேலிப்பக்கம் நிற்பவர்களை உள்ளே கூப்பிட்டோம். எழுத்துத் தெரியாது என்று இரண்டு பேர் கூச்சப்பட்டார்கள். "எழுத்த நாங்க பாக்கிறம் மாமி, நீங்க கதையச் சொல்லுங்க" என்றார் ஆசிரியை. படத்தில் தோணி வந்தால் அவர்கள் தோணிக்கதை சொன்னார்கள், உலக்கை வந்தால் உலக்கைப்பாட்டு. பிள்ளை படத்தையும் பார்த்தது, அம்மம்மாவின் வாயையும் பார்த்தது.

வங்காளதேசத்தில் 2005இல் தொடங்கிய "சிசிம்பூர்" இதையே பெரிய அளவில் செய்தது. அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில் உருவான நிகழ்ச்சி அது. ரீவி இல்லாத கிராமங்களுக்கு, ரிக்ஷா வண்டியில் ரீவியும் மின்பிறப்பாக்கியும் ஏற்றிப் போய்க் கூட்டமாகக் காட்டினார்கள். இன்னும் அண்மையில், 2017 டிசம்பரில், மக்ஆர்தர் அறக்கட்டளை 10 கோடி டொலர் கொடுத்தது. சிரியப் போரில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காக செசமி நிறுவனமும் சர்வதேச மீட்புக் குழுவும் சேர்ந்து செய்த வேலைக்கு அது. 2020இல் "அஹ்லான் சிம்சிம்" என்ற அரபு நிகழ்ச்சி வந்தது. அதோடு நிற்கவில்லை. வீடுகளுக்கு ஆள் போனது, ஆள் போகமுடியாத இடத்துக்குத் தொலைபேசி போனது. லெபனானில் தொலைபேசி வழியாகப் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் 11 வாரம் நடத்திய பாடத்தின் பலன், நேரில் ஒரு வருடம் முன்பள்ளி போன பலனுக்கு ஒப்பாக இருந்தது என்று 2023இல் ஆய்வு வெளிவந்தது. இடம்பெயர்ந்த முகாம்களில் பிள்ளை வளர்த்த எங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு அந்தச் செய்தி வேறு நாட்டுச் செய்தியாகத் தெரியாது.

நேரக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் திரை முன்னால் இருப்பது ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. வீட்டில் எப்படியும் பார்க்கிறார்கள் என்பதால் நாங்கள் 20 நிமிடத்தோடு நிறுத்தினோம். மற்ற நேரம் மணல், சுளகு, பாட்டு, ஓட்டம்.

எதிர்பார்க்காத வாசகர்கள்

எங்கள் பக்கத்து வசந்தன் கூத்தில் பாடும் பாட்டு ஒன்றைப் படமாக எடுத்தபோது, தம்பி கலியாண வீடியோவுக்குச் செய்வதுபோல அடியில் சொற்களை ஓடவிட்டார். பாடப் பாடச் சொல்லின் நிறம் மாறும். பாலர்களுக்கு அது அதிகம், இன்னும் வாசிக்கத் தெரியாதே. ஆனால் தங்கச்சியைக் கூட்டிப்போக வந்த மூன்றாம் தரத்து அக்காமார் யன்னலில் தொங்கிக்கொண்டு அந்தச் சொற்களை வாசித்தார்கள். இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்த யோசனை இதேதான். சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் எழுத்து ஓடினால், கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தவர்கள் தங்களை அறியாமலே வாசித்துப் பழகுவார்கள் என்பது அவர் கருத்து. 1999இல் குஜராத்தித் தொலைக்காட்சிப் பாட்டுகளில் தொடங்கி, பிறகு தேசிய அலைவரிசைக்குப் போனது. புதிதாக ஒரு படமும் எடுக்கத் தேவையில்லை, இருக்கிற பாட்டுக்கு எழுத்துப் போட்டால் போதும். எங்கள் நாட்டுத் தமிழ் அலைவரிசைகள் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை. இதற்குக் காசு கொடுக்க ஒரு கொடையாளர் முன்வந்தால், மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே செலவில் போய்ச் சேரும்.

காசு எங்கே போகவேண்டும்

சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரை ஊர்களில் முன்பள்ளிக் கட்டடங்கள் பல எழும்பின. நிறம் பூசிய சுவர், ஊஞ்சல், கொடையாளரின் பெயர்க்கல். பிள்ளைகளுக்கு ஒதுங்க இடம் தந்த அந்தக் கைகளை மறக்கமுடியாது. ஆனால் கட்டடத்துக்கு வந்த காசில் சிறுபங்குகூட ஆசிரியையின் சம்பளத்துக்கு வரவில்லை. காரணம் விளங்குகிறது. கட்டடத்தைப் படம் எடுக்கலாம், திறப்புவிழா வைக்கலாம். ஆசிரியை ஒருவர் மூன்று மாதம் கொப்பியில் குறித்ததைப் படம் எடுத்து என்ன காட்டுவது? 1982 பெப்ரவரியில் ஜப்பானின் நன்கொடையில் அரச தொலைக்காட்சியான ரூபவாகினி தொடங்கியபோது நாட்டுக்கே நிலையமும் கருவியும் கிடைத்தன. அதற்குள் தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரும் நிகழ்ச்சியை யோசித்து, சோதித்து, திருத்தி எடுக்க யார் தொடர்ந்து கொடுத்தார்கள் என்று கேட்டால் எனக்குக் கைகாட்ட ஒருவரும் இல்லை.

எங்கள் கணக்கைத் திரும்பப் பார்த்தபோது, ரீவியும் டிஷ்ஷும் பெரும் பகுதியைத் தின்றிருந்தன. பிள்ளைகளுக்கு எழுத்துக் கொண்டுவந்த பகுதி, தம்பியின் நாட்கூலியும் நாட்காட்டி புரட்டிய பிள்ளையின் பின்னேரத் தேநீரும். ஆசிரியையின் கூடுதல் உழைப்புக்கு நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அது இந்த முயற்சியின் பெரிய குறை, வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பலன் என்ன? 22 பிள்ளைகளை வைத்து ஒரு முறையை நிறுவமுடியாது. அடுத்த ஜனவரிக்குப் பிறகு தரம் 1 ஆசிரியை சொன்னதை மட்டும் பதிகிறேன். "உங்கட புள்ளையள் எழுத்தக் கண்டாப் பயப்பிடுதுகள் இல்ல. கரும்பலகைக்குத் தானா எழும்பி வருதுகள்."

அந்தத் தம்பி இப்போது கட்டாரில். இங்கே கலியாண வீடியோவில் குடும்பம் நடத்த முடியவில்லை. பென் டிரைவில் 19 படங்கள் இருக்கின்றன. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லை, ஆனால் எழுத்தோடு சேரும் கொம்பு, அரவு போன்ற குறிகளை எடுத்தே ஆகவேண்டும். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது. பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது அங்கே. ஆசிரியையிடம் அதற்கு ஒரு யோசனை இருக்கிறது. கண்ணகி அம்மனுக்கு நடக்கும் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சியும் இழுக்கிற வளைந்த கொம்பைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அதே வளைவைக் 'க'வுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது.

சென்ற கிழமை சுவிஸில் இருந்து தொலைபேசி வந்தது. "அண்ணன், இந்த முறை என்ன வாங்கி அனுப்ப? புறொஜெக்டர் ஒண்டு?" என்று கேட்டார். ஆறு மாதத்துக்கு ஆசிரியைக்கு மேலதிகக் கொடுப்பனவு, படம் எடுக்க ஒருவருக்கு நாட்கூலி, பிள்ளைகளைப் பார்த்துக் குறிக்க இன்னொருவருக்கு நாட்கூலி, எடுத்துப் பிழைத்தால் திரும்ப எடுக்க நான்கில் ஒரு பங்கு என்று ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். பொருள் எதுவும் அந்தத் தாளில் இல்லை. படிச்சிட்டுச் சொல்றன் என்றிருக்கிறார்.